குடையை மடக்கியவள்

இன்று காலையில் அடுப்பில் பசை கொதித்தது. மைதா மாவைக் கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டி, இறக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டாள் என் மகள், உன் ஞானமகள். பூச்சி அரிக்காதாம். பேரனுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, புத்தகங்களுக்கு அட்டை போட வேண்டும். கடையில் ஒட்டுகிற நாடா கிடைக்கிறதே என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வாடை கூடத்துக்கு வந்ததும் எனக்கு எச்சில் ஊறியது. மற்றவர்களுக்கு மீன் குழம்புக்கு ஊறும். எனக்கு பைண்டிங் பசைக்கு ஊறுகிறது. என்னை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவன் நீ.

நீ போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. உனக்கு எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. என் எழுத்துப் பிழைகளைச் சத்தமாகப் படித்துக் காட்டி ஊரைக் கூட்ட நீ இங்கே இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில், தாராவியில் நாம் இருந்த சாலில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற அந்தக் கட்டடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதிப் பேர் பிள்ளையாரிடமும் பாதிப் பேர் இயேசுவிடமும் போவோம். மத்தியானத்துக்கு மேல் எல்லாருக்கும் ஒரே மதம், உப்புக்குதிரை. மெட்ராசில் ஒருவர் எழுதி, நினைத்தபோது ஒரு புத்தகமாக வந்துகொண்டிருந்த மாயாஜாலக் கதை வரிசை அது. மாறவேள் என்று ஒரு இளவரசன். அவன் குதிரை உப்பால் ஆனது. எந்தப் பாலைவனத்தையும் தாண்டும், அம்பு பட்டால் ரத்தம் வராது, தீனி வேண்டாம். மழை மட்டும் ஆகாது. ஒரு சொட்டு விழுந்தால் விழுந்த இடத்தில் குழி. அதனால் மாறவேளுக்குப் பின்னால் உட்கார்ந்து, குதிரைக்கு மேலே பெரிய தோல்குடையைப் பிடித்தபடி வருவாள் ஆழிமதி. கடலில் கிடைத்த பெண். கல்லடி பட்டாலும் கை முறிந்தாலும் குடையை இறக்கமாட்டாள். நம்மில் பாதிப் பேர் தூத்துக்குடி உப்பளத்தில் கால் வெந்து ஓடிவந்தவர்கள். உப்பு எழுந்து குதிரையாக ஓடுகிறது என்றால் அது நமக்குக் கதையாகப் படவில்லை, ஊரிலிருந்து வந்த நல்ல செய்தியாகப் பட்டது.

புத்தகம் மாட்டுங்காவில் ஒரு கடைக்கு ரயில் பார்சலில் வரும். ஆபீஸ் போகிற வீடுகளுக்குப் போனது போக நமக்கு ஒன்று மிஞ்சும். ஒரு புத்தகத்துக்கு ஏழெட்டு ஆள். யார் முதலில் படிப்பது என்று லேத்து ஓட்டுகிற செல்லத்துரையும் நானும் சட்டையைக் கிழித்துக்கொண்ட பிறகுதான் நீ வழி கண்டுபிடித்தாய். பைண்டிங் பட்டறையில் வேலை பார்த்தவன் அல்லவா. தையலை அறுத்து, புத்தகத்தை ஃபாரம் ஃபாரமாகப் பிரித்தாய். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். ஒருவன் முதல் ஃபாரத்தை முடித்துக் கொடுத்தால் அடுத்தவன் அதைப் படிக்கலாம், இவன் இரண்டாவதற்குப் போகலாம். எல்லாரும் முடித்ததும் மறுபடி தைத்து, பசை தடவி, காலிகோத் துணி ஒட்டிப் பெட்டியில் வைப்பாய்.

அறுக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான், அதனால் முதலில் படிப்பவனும் நீதான். வரிசையில் கடைசி ஆள் நான், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் என்று.

"எட்டாம் கிளாஸ் படிச்சேன்னு சொல்லுதான். எட்டாம் கிளாஸ் வாசல்ல மிட்டாய் வித்திருப்பான்" என்பாய்.

அதோடு விட்டாயா? கடைசி ஃபாரத்தை மட்டும் நீ சும்மா தந்ததே கிடையாது. அதை இடுப்பில் சொருகிக்கொண்டு குழாயடிக்கு வருவாய். பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிற நேரமாகப் பார்த்து வருவாய். செல்லத்துரையை, அவன் பெண்டாட்டி அவனைத் திட்டுகிற வசவுகளை ஒன்று விடாமல் ஒப்பிக்கச் சொல்வாய். என்னைச் சேவல் மாதிரி கூவச் சொல்வாய். நானும் கல்யாணமானவன், வேலை பார்க்கிற இடத்தில் நாலு பேர் மதிக்கிறவன், கையை இடுப்பில் மடக்கிக் கொண்டு கூவுவேன். "சுருதி சேரல. இன்னொருக்கா" என்பாய். சேராது. மூன்றாவது முறை கூவும்போது சால் முழுக்க ஜன்னலில் இருக்கும். கதையில் எந்த மந்திரவாதியும் அப்படிக் கொடுமை செய்ததில்லை. ஆனால் எங்களில் ஒருவன்கூட உன்னை அடிக்கவில்லை. அடித்தால் அடுத்த புத்தகத்தை யார் அறுப்பது?

அந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒரு புத்தகம் வந்தது. அதே சமயத்தில் எனக்குப் பெண் பிறந்தது. நான் கடைசிக்கு முந்தின ஃபாரத்தில் இருந்தேன். மாறவேளும் ஆழிமதியும் மலைக்கணவாயில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், மேகம் திரள்கிறது, ஆழிமதி குடையை இறுகப் பிடிக்கிறாள். தொட்டிலைப் பார்த்தேன், ஃபாரத்தைப் பார்த்தேன். பெயர் வந்துவிட்டது.

உன் மதினி, அதாவது என் மனைவி, எஸ்தர் என்று வைக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். நான் போராடித் தோற்கிற நேரத்தில் நீ வந்து உட்கார்ந்தாய். ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் வாங்கிப் பெயர் சொல்லப்போகிற ஞானத்தகப்பனும் நீதான், அதை முன்பே பேசி வைத்திருந்தோம்.

"மதினி, எஸ்தர்னு நம்ம சால்ல ஏற்கெனவே அத்தனை பேர் கெடக்கு. குழாயடில எஸ்தர்னு ஒரு சத்தம் போட்டா பாதிக் குடம் திரும்பிப் பாக்கும்."

"அதுக்காகக் கதைப் பொஸ்தகத்துலேருந்தா பேர் எடுப்பாவ?"

"கதையா இருந்தா என்ன? ஆழிமதி மாதிரி உண்மையானவ எவ இருக்கா? உயிரே போனாலும் குடையை எறக்க மாட்டா. கேளுங்க, நா முழுசும் படிச்சவன் சொல்லுதேன்."

முழுசும் படித்தவன். அந்த வார்த்தையை நான் அப்போது கவனிக்கவில்லை. கடைசி ஃபாரம் உன் இடுப்பில்தான் இருந்தது.

சர்ச்சில் குருவானவர் முகம் சுளித்தார். வேதத்தில் இல்லாத பெயராக இருக்கிறதே என்றார். "கடலும் நிலாவும் சேந்த பேருய்யா. ரெண்டையும் கர்த்தர்தானே உண்டாக்கினாரு" என்று நீ பவ்யமாகச் சொன்னாய். அவரால் மறுக்க முடியவில்லை. நீ பிள்ளையை ஏந்திக்கொண்டு, குரல் நடுங்காமல், "ஆழிமதி" என்றாய். மூன்று கை தண்ணீர் விழுந்தது. முடிந்தது.

வெளியே வந்தால் நல்ல மழை. குழந்தையை என் மனைவி வாங்கிக்கொண்டாள். நீ உன் பெரிய கறுப்புக் குடையை விரித்து அவள் தலைக்குமேல் பிடித்தாய். படி இறங்கி, வழியின் நடுவுக்கு வந்ததும், நின்றாய். குடையை மடக்கினாய். நிதானமாக, கம்பியைக் கீழே இழுத்து, துணியைச் சுற்றிப் பொத்தான் போட்டாய். அவளும் பிள்ளையும் தெப்பமாக நனைந்தார்கள். செல்லத்துரையும் மற்றவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் சிரிப்பு தாங்காமல் சர்ச் சுவரைப் பிடித்துக்கொண்டான். நான் ஓடிவந்து, "ஸ்பிரிங் போயிட்டா வே?" என்று கேட்டேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். எதற்கென்றே தெரியாமல் சிரித்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான்.

இரண்டு நாள் கழித்து, கூவச் சொல்லாமல், நீயே வந்து, மற்ற எல்லாரும் ஏற்கெனவே படித்துவிட்ட கடைசி ஃபாரத்தை என் கையில் கொடுத்தாய். எதிரே உட்கார்ந்துகொண்டாய். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் படிக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். கணவாயில் மழை கொட்டுகிறது. மாறவேள் தூங்குகிறான். ஆழிமதி குதிரையின் காதில் ஏதோ சொல்கிறாள். பிறகு குடையை மடக்குகிறாள். குதிரை கரைந்து, வெள்ளைச் சேறாகி, மலையிலிருந்து வழிந்து போகிறது. அவளும் மழைக்குள் போய் மறைகிறாள். அவ்வளவுதான் புத்தகம். ஏன் மடக்கினாள் என்று ஒரு வரி இல்லை.

"துரோகி பேரை வச்சிட்டியே வே" என்றாய். அப்படி ஒரு சந்தோஷத்தை உன் முகத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

விஷயம் தெரிந்ததும் என் மனைவி குருவானவரிடம் போய் அழுதாள். ஞானஸ்நானம் ஒரு முறைதான், துடைத்துவிட்டு மறுபடி கொடுக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். உனக்கு எங்கள் வீட்டில் சோறு நின்றது. நீ அதற்காகக் கவலைப்படவில்லை. வாசலில் நின்று, "மதினி, பிள்ளை பத்திரம், குடைப் பக்கம் விட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவாய்.

நான் ஒரு கட்சி ஆரம்பித்தேன். அதில் தலைவர், தொண்டர், கொடி பிடிப்பவர் எல்லாம் நானே. என் கட்சியின் கொள்கை, ஆழிமதி நல்லதுக்குத்தான் மடக்கினாள், காரணம் கடைசிப் புத்தகத்தில் வரும் என்பது. நீ எதிர்க்கட்சி, சால் முழுக்க உன் பக்கம். கதை எழுதிய மெட்ராஸ்காரர் உன்னைவிடக் கொடுமைக்காரர். அடுத்தடுத்த புத்தகங்களில் ஆழிமதியைக் காணவே காணோம். மாறவேள் புதுக் குதிரை தேடி அலைகிறான். இடையில் ஒரு வருஷம் புத்தகமே வரவில்லை. நான் ஒவ்வொரு ஃபாரமாகத் தடவித் தடவித் தேடுவேன், காணாமல் போன சொந்தக்காரியை ஆஸ்பத்திரி வார்டுகளில் தேடுகிறவன் மாதிரி.

பிள்ளை வளர்ந்தாள். சாலில் பையன்கள் உப்புக்குதிரை விளையாடுவார்கள். இவளை எப்போதும் ஒரே வேஷத்துக்குத்தான் கூப்பிடுவார்கள். கடைசியில் துரோகியைத் தண்டிக்க வேண்டும் அல்லவா, அதற்கு ஒரு வாளி தண்ணீர் தலையில். "குடைமடக்கி" என்பதுதான் அவள் பெயர். அந்தப் பெயரைப் பையன்களுக்கு எடுத்துக் கொடுத்தவன் நீ. ஒரு நாள் அவள் சொட்டச் சொட்ட வந்து நின்றாள். அழவில்லை.

"எப்பா, அவ ஏன் மடக்குனா?"

"கடைசிப் பொஸ்தகத்துல வரும் மக்கா. நல்லதுக்குத்தான் மடக்கியிருப்பா."

"நெசமாவா?"

"நெசமா."

வேறு என்ன சொல்வேன்? அன்றைக்கே அவள் ஞாயிறுபள்ளித் தமிழை வைத்துக்கொண்டு உப்புக்குதிரையை எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் இந்தி, சாலுக்கு வந்தால் தமிழ். கூட்டிப் படிப்பதில் அப்பனைவிட வேகமாகப் போய்விட்டாள்.

அறுபதுகள் முடிகிற சமயத்தில் உன் நெஞ்சு கெட்டது. பட்டறைத் தூசியும் பீடியும் சேர்ந்து தின்றுவிட்டன. சிவ்ரி பக்கம் காசநோய் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். அந்த நேரம் பார்த்து, இதுதான் முடிவு என்று அட்டையிலேயே போட்டு, கடைசிப் புத்தகம் வந்து இறங்கியது. செல்லத்துரை அதைப் பிரிக்காமல் நேராக உன்னிடம் கொண்டு வந்தான். நீ சாகக் கிடக்கிறாய், ஆனாலும் நீ அறுக்காமல் நாங்கள் யாரும் படிக்க மாட்டோம். எங்களை அப்படிப் பழக்கி வைத்திருந்தாய். சவரக் கத்தியால் தையலை அறுத்தாய். ஆனால் காய்ச்சலில் உனக்குக் கண் எரிந்தது, படிக்க முடியவில்லை.

பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். உன்னை வராந்தா பெஞ்சுக்குக் கொண்டுவந்து உட்கார்த்துவோம். முதல் நாள் நீ அவளைப் பார்த்து, "வா பிள்ளே குடைமடக்கி" என்றாய். அவள் உன் கையிலிருந்து முதல் ஃபாரத்தை உருவினாள்.

"பேரு வச்சது நீங்கதான மாமா. கேளுங்க, படிக்கேன்."

ஞாயிறு தோறும் அவள் படித்தாள், நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். படித்து முடித்த ஃபாரங்களை நான் சாலுக்குக் கொண்டுபோவேன். கடைசி ஃபாரம் உன் தலையணைக்கு அடியில் இருந்தது. அதைப் படிக்க வேண்டிய ஞாயிறு வந்தது. நான் பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்தேன். என் கட்சியின் தேர்தல் முடிவு அல்லவா?

"வே, போய் மூணு சாய் வாங்கிட்டு வா."

"படிச்சிட்டுப் போறேன்."

"நாக்கு வறளுது. சாகப்போறவன் கேக்கேன்."

போனேன். சாய்க்காரனிடம் கெஞ்சி, அவசரப்படுத்தி, கையில் கொட்டிக்கொண்டு ஓடிவந்தேன். ஃபாரம் மடித்து அவள் மடியில் இருந்தது. நீ அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டீர்கள்.

"ஏன் மடக்குனா?"

"பிள்ளையைக் கேளு" என்றாய் நீ.

"மாமாவைக் கேளுங்க" என்றாள் அவள்.

நான் ஃபாரத்துக்குக் கை நீட்டினேன். அவள் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். நீ மூச்சு வாங்கிக்கொண்டு, "கூவு வே" என்றாய்.

கூவினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், கையில் சாய் கிளாஸ்களோடு, பெற்ற மகளுக்கு முன்னால் கூவினேன். வார்டு ஜன்னலெல்லாம் ஆள். ஒரு நோயாளி சிரித்து, சிரிப்பு இருமலாகி, துண்டில் ரத்தம் துப்பிவிட்டு மறுபடி சிரித்தான். "பாகல் ஹை க்யா?", பைத்தியமா நீ என்று இந்தியில் கத்திக்கொண்டு நர்ஸ் ஓடிவந்தாள். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். "சுருதி சேரல" என்றது நீ இல்லை. அவள். எட்டு வயதுப் பிள்ளை. நீ அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எந்த ஞானத்தகப்பனும் தன் ஞானப்பிள்ளையை அவ்வளவு பெருமையாகப் பார்த்திருக்க மாட்டான். மறுபடி கூவினேன். நர்ஸ் என் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினாள். "அடுத்த வாரம் சொல்லுதேன் வே" என்று உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தாய்.

அடுத்த வாரம் வருவதற்குள் போய்விட்டாய். அதையும் வேண்டுமென்றே செய்தாய் என்று நான் இன்றும் சந்தேகப்படுகிறேன்.

உனக்கு இங்கே குடும்பம் இல்லை, நாங்கள்தான் தூக்கினோம். மழை விடவில்லை. குழிக்குள் பாதி தண்ணீர். குருவானவர் ஜெபம் சொல்லி, மண் போட்டு, எல்லாரும் ஒரு கை அள்ளிப் போட்டு முடித்தோம். அவள் என் பக்கத்தில், எனக்கும் சேர்த்துக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். உன் பெரிய கறுப்புக் குடைதான், ஆஸ்பத்திரியில் உன் சாமான்களோடு தந்தார்கள். செல்லத்துரை குனிந்து அவள் காதில் கேட்டான்.

"கடைசி ஃபாரம் எங்க பிள்ளே?"

அவள் குழியைப் பார்த்துத் தாடையை நீட்டினாள்.

"என்னது?"

"பெட்டிக்குள்ள. மாமா கையில வச்சிட்டேன்."

செல்லத்துரை என் பக்கமாக நகர்ந்தான். இத்தனை வருஷக் காத்திருப்பு மண்ணுக்குள் போய்விட்டது. "குருவானவர் போகட்டும். தோண்டி எடுத்துரலாமா வே?" என்று என்னிடம் கிசுகிசுத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் ஒரு நிமிஷம் மண்வெட்டியைப் பார்த்தேன். உன்னை இழந்த துக்கத்தில் அழுத ஆட்களைவிட முடிவு தெரியாத துக்கத்தில் அழுத ஆட்கள்தான் அன்று அங்கே அதிகம். நான் இரண்டு கணக்கிலும் இருந்தேன்.

எல்லாரும் அவளை முறைத்தார்கள். அவள் குழிமேட்டைப் பார்த்தாள். பிறகு குடையை மடக்கினாள். நிதானமாக, கம்பியைக் கீழே இழுத்து, துணியைச் சுற்றிப் பொத்தான் போட்டாள். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் நனைந்தோம். நான் உப்புக்குதிரையாக இருந்திருந்தால் அங்கேயே கரைந்து உன் மேல் வழிந்திருப்பேன். தாராவித் தண்ணீர் குடித்த உடம்பு, கரையவில்லை. ஜலதோஷம் மட்டும் பிடித்தது.

அதற்குப் பிறகு அவளை யாரும் குடைமடக்கி என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள் என்ற பயம்தான் காரணம். மாட்டுங்காக் கடைக்காரன் இன்னொரு பிரதி கிடைக்காது என்றான். வாங்கிப் போன ஆபீஸ் வீடுகளில் எங்களைப் படியேற விடவில்லை. பழைய புத்தகக் கடைகளில் தேடியிருக்கிறேன். வரிசையில் எல்லாம் கிடைக்கும், கடைசிப் புத்தகம் மட்டும் கிடைக்காது. மாறவேளுக்குக் குதிரை கிடைத்ததா, ஆழிமதி திரும்பி வந்தாளா, இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவள் இப்போது சமையலறையில் பசை கிண்டுகிறாள்.

இன்று காலையிலும் கேட்டேன். "இப்பமாவது சொல்லேன் மக்கா. ஏன் மடக்குனா?"

கரண்டியை எடுத்து, பசை பதம் பார்த்து, அடுப்பை அணைத்தாள். "கூவுங்கப்பா, சொல்லுதேன்."

இந்த வயசில், செம்பூர் பிளாட்டில், கூவினேன். பேரன் புத்தகத்தைப் போட்டுவிட்டுக் கைதட்டினான். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. அவள் சிரித்தாள், அப்படியே உன் சிரிப்பு. சுருதி சேரவில்லையாம்.

உன் பெட்டி மண்ணாகியிருக்கும், காகிதமும் போயிருக்கும். உன் குடை மட்டும் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. துணி இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. மழைக்காலத்தில் நான் சர்ச்சுக்குப் போனால் அவள்தான் எனக்குப் பிடித்துக்கொண்டு வருவாள். கை வலித்தாலும் இறக்குவதில்லை. நான் அண்ணாந்து கம்பியைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். இன்னும் மடக்கவில்லை. எனக்காக அவள் அதை மடக்குகிற அன்றைக்கு, நான் அங்கே உன் பக்கத்தில் வந்து படுத்திருப்பேன். அப்போது நீ சொல்லித்தான் ஆக வேண்டும். கூவச் சொல்லாதே. அதற்குள் எனக்குத் தொண்டை போயிருக்கும்.